வெயிலுக்கு என்ன சத்தம்? மழலையர் வகுப்பில் வானிலையும் ஓசையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சூழல்

நான்கு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் படிக்கும் ஒரு வகுப்பு. ஏறக்குறைய இருபது பேர். காலையில் வந்து உட்கார்ந்ததும் வானிலை சொல்வது வழக்கம். சுவரில் நான்கு படங்கள் ஒட்டிய அட்டை: சூரியன், மேகம், குடை, வளைந்து நிற்கும் மரம். ஒரு குழந்தை எழுந்துபோய் அம்புக்குறியைத் திருப்பும். மற்றவர்கள் "வெயில் மிஸ்!" என்று கோரஸாகச் சொல்வார்கள். அத்தோடு அன்றைய வானிலை முடிந்தது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றைய வெயிலும் இன்றைய வெயிலும் ஒன்றா, மழை வரப்போகிறதா, பெய்து ஓய்ந்துவிட்டதா என்று துருவிக் கேட்டால் பதில் வராது. குடைப் படத்துக்கு அதெல்லாம் தெரியாது. தூறலுக்கும் அதே குடை, அடைமழைக்கும் அதே குடை. படங்களின் எண்ணிக்கையை நான்கிலிருந்து எட்டாக்கிப் பார்த்திருந்தார்கள். குழந்தைகள் எட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்தார்கள்.

வகுப்பு ஆசிரியை என்னை அழைத்தது, வானிலைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க. சிறு குழந்தைகளுக்கு இசை கற்றுக்கொடுப்பது என் தொழில். மழைப் பாட்டு என்றால் ஒரு கட்டு கையில் இருக்கும். ஆனால் பாட்டும் இன்னொரு படம்தான் ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் மழைப் பாட்டை அதே உற்சாகத்தோடு பாடுவார்கள். ஓசையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்றேன். ஓர் ஓசைக்குத் தொடக்கம் உண்டு, ஏறுவது உண்டு, அடங்குவது உண்டு. வானிலையும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் குழந்தைகள் தங்கள் சொந்தச் சத்தத்தால் ஒரு மழையைச் சொல்லும்வரை பாட்டே வேண்டாம் என்று முடிவாயிற்று. அமிர்தவர்ஷினி ராகம் பாடினால் மழை வருமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. வந்த மழையைச் சொல்லத் தெரிந்தால் இந்த வயதுக்குப் போதும்.

முதலில் காது

இசைக்கருவிப் பெட்டி பூட்டியே இருந்தது. கருவியைக் கையில் கொடுத்துவிட்டுக் "கவனி" என்று சொன்னால் எந்தக் குழந்தையும் கவனிக்காது.

செல்போனில் பதிவு செய்த மழைச் சத்தத்தை ஆசிரியை போட்டுக் காட்டினார். "எண்ணெய் பொரியுது" என்றது ஒரு குழந்தை. "கை தட்டுறாங்க" என்றது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பதில்கள். ஆயிரக்கணக்கான துளிகளின் சத்தம் ஒன்றாகச் சேரும்போது அது வெறும் இரைச்சலாகிவிடுகிறது. சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி ஒலிகள் காணாமல் போகின்றன. கண்ணுக்கும் தோலுக்கும் எந்தத் துப்பும் கிடைப்பதில்லை. உண்மையான மழையைப் பலமுறை கேட்ட பிறகே பதிவு செய்த மழை மழையாகக் கேட்கும். வகுப்பறைக்கென்று விற்கிற ஒலித்தொகுப்புகளை நம்பி இந்தப் பாடத்தைத் தொடங்குவது வீண்.

மழை வந்த காலையில் எல்லோரும் தாழ்வாரத்துக்குப் போனார்கள். கூரைக்கு வெளியே ஒரு தகர மூடி, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, அகலமான இலை ஒன்று, மடித்த துண்டு, விரித்த குடை. ஆசிரியை கேட்ட கேள்வியை இங்கே குறித்துவைக்க வேண்டும். "என்ன சத்தம்?" என்று அவர் கேட்கவில்லை, "எதுமேல விழுற சத்தம்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு "மழை" என்ற ஒரே சொல்லோடு பதில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் குழந்தை ஒவ்வொரு பொருளின் அருகிலும் காதைக் கொண்டுபோக வேண்டும். தகரத்தில் "டிண் டிண்", வாளியில் "தொம் தொம்", குடைக்குள் "படபட". துண்டின் அருகே வெகுநேரம் குந்தியிருந்த ஒரு சிறுமி எழுந்து வந்து, "துண்டுல மழை பேசவே மாட்டேங்குது மிஸ்" என்றாள்.

காற்றுக்கும் இதே வழிதான். காற்று எதிலாவது மோதினால்தான் நம் காதுக்குச் செய்தி வரும். பெரியவர்களின் அளவுகோலிலும் இது இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுக்கத் தொடங்கிய காற்று அளவுகோலுக்குப் பிற்காலத்தில் நிலத்துக்கான அடையாளங்களும் சேர்க்கப்பட்டன. அதில் 2-ஆம் எண் காற்று, அதாவது மணிக்கு 6 முதல் 11 கி.மீ. வேகம் என்றால் இலைகள் சலசலக்கும். 6-ஆம் எண், 39 முதல் 49 கி.மீ., என்றால் கம்பிகளில் விசில் சத்தம் கேட்கும். குழந்தைகளுக்கு எண்கள் வேண்டாம். "இலை பேசுற காத்து", "கதவு அடிக்கிற காத்து", "கம்பி பாடுற காத்து" என்று மூன்று படிகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். "ஊ" என்று வாயைக் குவித்துக் குரலை ஏற்றி இறக்குவதைவிட நல்ல காற்றுக் கருவி அந்த வகுப்பில் வேறு இல்லை.

மழை எப்படித் தொடங்கும்?

உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று ஏற்றி, ஐந்து விரலுக்கு வந்து, தொடையில் தட்டி, காலை மிதித்து, மறுபடி இறங்கி ஒரு விரலுக்கு வரும் விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொடக்குப் போடச் சொல்வதும் உண்டு. நான்கு வயதுக்கு அது வராது, விட்டுவிடலாம். மெல்லத் தொடங்கி, பலத்து, மெல்ல முடிகிறது. கேட்க அழகாக இருக்கும். பெற்றோர் வரும் நாளில் செய்து காட்டினால் கைதட்டல் நிச்சயம்.

ஒரு பையன் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மொதல்ல அப்படி வராது மிஸ்" என்றான்.

"எப்படி வரும் கண்ணா, நீ காட்டு."

கையைக் குவித்துத் தரையில் ஓங்கி ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. மறுபடி இடைவெளி. "பெரிய சொட்டு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. அப்புறமாத்தான் நெறைய."

அவன் சொன்னது சரி. திடீரென்று பிடிக்கும் மழையில் பெரிய துளிகளே முதலில் தரையைத் தொடும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள துளி வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். 5 மில்லிமீட்டர் துளி சுமார் 9 மீட்டர் வேகத்தில் வரும். ஒரே மேகத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினாலும் பெரியது முந்திவிடும். விட்டம் பத்து மடங்கு என்றால் எடை ஆயிரம் மடங்கு. அதனால்தான் அந்தத் தனித்துளி அவ்வளவு சத்தமாக விழுகிறது. இந்தக் கணக்கு எதுவும் அந்தப் பையனுக்குத் தெரியாது. கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் "மெதுவாத்தான் வரும்" என்றது. இன்னொன்று "பெருசாத்தான் வரும்" என்றது. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மழையையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னார், அடுத்த மழை எந்த மாதிரி தொடங்குகிறது என்று பார்க்கலாம் என்றார். பிறகு வந்த மழைகளில் இரண்டு வகையும் இருந்தன. காலையிலிருந்து மூட்டமாக இருந்து வந்த மழை பூத்தூறலாகத் தொடங்கியது. மாலையில் கருத்துக்கொண்டு வந்தது சொட்டுச் சொட்டாக விழுந்தது. "மழை" என்ற ஒரே சொல்லால் போதாது என்ற இக்கட்டு குழந்தைகளுக்கு அங்கேதான் வந்தது. வேறு சொல் தேட வேண்டிய தேவை பிறந்த பிறகு தூறல், சாரல், தூவானம் என்று சொல்லிக் கொடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழியை ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார்; அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் அதையே சொல்லித் திரிந்தார்கள்.

இங்கே இசை ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த ஒரு சிக்கல் குறுக்கே வந்தது. இந்த வயதுக் குழந்தைக்கு வேகமும் சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. வேகமாகத் தட்டு என்றால் ஓங்கித் தட்டும். மெதுவாக என்றால் சத்தமும் குறையும். "மெதுவா" என்ற நம் சொல்லே இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வேறு. ஆனால் தூறல் வேகமானது, சன்னமானது. முதல் சொட்டுகளோ நிதானமானவை, ஓங்கியவை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்ததில் வேகமும் சத்தமும் பிரிந்தன. பல மாதங்கள் தாளப் பயிற்சியில் வராத ஒன்று மழையில் வந்தது. தூறலுக்கு நகத்தால் காகிதத்தை வருடச் சொன்னது உதவியது. காகிதத்தில் எவ்வளவு வேகமாக வருடினாலும் பெரிய சத்தம் வராது.

இடி

பெரிய மேளத்தை முதல் நாளே வெளியே எடுத்தால் வகுப்பு அன்றோடு குலைந்துவிடும். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார் ஆசிரியை. இடி வந்தால் மட்டும் வெளியே வரும். இதற்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1808-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் டிம்பனி மேளம் நான்காவது பகுதியில் மட்டும்தான் ஒலிக்கிறது. அது புயல் வரும் பகுதி. அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. தாழ்ந்த உறுமலுக்காக, கீழ்ச்சுருதி வில் வாத்தியங்களில் செல்லோக்கள் ஐந்தைந்து சுரங்களாகவும் அவற்றைவிடப் பெரிய டபுள் பாஸ்கள் நான்கு நான்காகவும் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. கணக்கு ஒட்டாததால் சுரங்கள் கலங்கி, குமுறலாகக் கேட்கிறது. இருபது குழந்தைகள் தாளம் சேராமல் தரையைத் தட்டும்போதும் அந்தக் குமுறல் தானாக வந்துவிடும். அன்று மட்டும் தாளம் சேராததற்காக யாரையும் திருத்தவில்லை.

அருகில் விழும் இடி "படார்" என்று வெடிக்கிறது, தொலைவில் விழுவது "கடகட"வென்று உருளுகிறது. மின்னல் பாய்ந்த பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி விரிவதில் பிறக்கும் சத்தம் அது. மின்னலின் பாதை கிலோமீட்டர் கணக்கில் நீளும். அதன் வெவ்வேறு பகுதிகளின் சத்தம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. தொலைவு கூடக் கூட மேல்சுருதி ஒலிகள் வழியிலேயே கரைந்து, உறுமல் மட்டும் எஞ்சுகிறது. வகுப்பில் இது ஒரு விளையாட்டாயிற்று. ஒருவர் டார்ச்சை அடித்து அணைப்பார், மற்றவர்கள் எண்ணுவார்கள், மேளக்காரர் தன் விருப்பப்படி எப்போதாவது அடிப்பார். மூன்று எண்ணினால் இடி ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஆறு என்றால் இரண்டு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது என்பதன் குழந்தைக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் ஓங்கி அடிக்க வேண்டும், கூடினால் மெல்ல உருட்ட வேண்டும். இந்த விதியைக் குழந்தைகளே போட்டார்கள்.

இடிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு சிறுமி இருந்தாள். அவளை மேளம் அடிக்கச் சொல்லலாம் என்று தோன்றும்; அவளுக்கு அது பிடிக்கவில்லை. கையை உயர்த்தினால் எல்லோரும் வாசிக்க வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும் என்று நடத்துநர் வேலை அவளுக்குக் கிடைத்தது. சத்தம் எப்போது வரும் என்பது தன் கையில் இருக்கும்போது காதைப் பொத்த வேண்டியதில்லை. சரியாகக் காது கேட்காத குழந்தை வகுப்பில் இருந்தால் மேளத்தின் தோலில் கையை வைத்து அதிர்வை உணரச் செய்யலாம். தொலைவு இடியும் அருகிலுள்ள இடியும் அங்கேயும் வேறுபடும்.

விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும், வெளியே உண்மையான இடி கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தொடங்கினார்கள்.

வெயிலுக்கு என்ன சத்தம்?

எனக்கு இந்த முயற்சியிலேயே பிடித்த பகுதி இது. மழைக்கும் இடிக்கும் சத்தம் தேடுவது பெரிய காரியமில்லை. வெயில், பனிமூட்டம், புழுக்கம், குளிர் இவற்றுக்கு என்ன செய்வது?

ஆசிரியை கேட்டதும் ஒரு குழந்தை முக்கோணக் கம்பியை எடுத்து "ணிங்" என்று தட்டியது. கார்ட்டூனில் சூரியன் மின்னும்போது வரும் சத்தம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. படத்தின் பெயரைச் சொன்னதுபோலவே இதுவும் எங்கேயோ கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான். "வெளிய போய்க் கேட்டுட்டு வரலாமா?" என்றார் ஆசிரியை. முற்பகல் வெயிலில் மரநிழலில் உட்கார்ந்து, பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டார்கள்.

வெயிலைக் கேட்க முடியாது. ஆனால் வெயில் மற்றவற்றுக்குச் செய்ததைக் கேட்கலாம். காய்ந்த சருகு காலடியில் நொறுங்கியது. தகரக் கூரை அவ்வப்போது "டக்" என்றது. உலோகம் சூட்டில் விரியும்போது வரும் சத்தம். கூரைமேல் யாரோ நடப்பதாக முதலில் நினைத்தார்கள். பிறகு ஒரு சிறுமி கண்டுபிடித்தாள்: "குருவி சத்தமே இல்ல மிஸ். காலைல இருந்துச்சு." விடியற்காலையில் அதிகமாகக் கூவும் பறவைகள் நடுப்பகலில் அடங்கிவிடும். சத்தம் இல்லாததும் ஒரு சேதி என்று நான்கு வயதில் ஒரு குழந்தை பிடித்துக்கொண்டது.

அவர்கள் அமைத்த வெயில் இசை இப்படி இருந்தது. காலைக் குருவிகளாக நாலைந்து பேர் வாயால் கீச்சிடுவார்கள். ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். நீண்ட அமைதி. ஒரு "டக்". மறுபடி அமைதி. காகிதத்தைக் கசக்கும் சருகுச் சத்தம். அந்த அமைதியைத் தாங்குவதுதான் பெரும்பாடு; யாராவது சிரித்துவிடுவார்கள். மேளம் அடிக்கக் கற்பதைவிட மேளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் இருக்கக் கற்பதற்கு அதிக நாள் பிடித்தது.

பனிமூட்டத்துக்கு ஒரு குழந்தை கஞ்சிராவைத் துணியால் மூடிக்கொண்டு தட்டியது. எதற்கு மூடினாய் என்றதற்கு, "அப்பதான் தெரியாது" என்றது. பக்கத்தில் இருப்பவர் துணியில்லாமலும் தள்ளி இருப்பவர் துணியோடும் வாசிக்க வேண்டும் என்று இன்னொரு குழந்தை திருத்தியது. கண்ணுக்குப் பக்கத்துப் பொருள் தெரிந்து தூரத்துப் பொருள் மறைவதை இதைவிடச் சரியாகச் சத்தத்தில் சொல்ல எனக்குத் தெரியாது.

சூட்டையும் குளிரையும் ஓசையின் வேகத்தால் சொல்ல ஓர் இயற்கை வழி இருக்கிறது. சில்வண்டு வகைப் பூச்சிகள் வெப்பம் ஏறினால் விரைந்து கத்தும், குளிர்ந்தால் நிதானிக்கும். அந்த வேகத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897-இல் எழுதினார். கிலுகிலுப்பையை வேகமாக ஆட்டினால் புழுக்கமான இரவு, நிதானமாக ஆட்டினால் குளிர்ந்த இரவு.

சொற்களும் இங்கேதான் குவிந்தன. வெயில் "சுள்"ளென்று அடிக்கிறது, தரை "ஜில்"லென்று இருக்கிறது, காற்று "சிலுசிலு"வென்று வருகிறது. சூரியன் சுள்ளென்று சத்தம் போடுவதில்லை. ஆனாலும் தமிழ் பேசும் குழந்தைக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கேட்டுப் பழகிய இந்தச் சொற்கள் பள்ளிக்கு வெளியேயே நின்றுவிடுகின்றன. ஆசிரியை அவற்றைக் கரும்பலகையில் எழுதியதும், "எங்க தாத்தா மப்பா இருக்குன்னு சொல்வாரு", "எங்கம்மா கம்முனு இருக்குன்னு சொல்வாங்க" என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள்.

எழுதுவதும் கண்டுபிடிப்பதும்

நீளமான காகிதத்தில் இடமிருந்து வலமாக வரைந்தார்கள். நெருக்கமான சிறுபுள்ளிகள் தூறல், தள்ளித் தள்ளிப் பெரும்புள்ளிகள் முதல் சொட்டு, அலைக்கோடு காற்று. வெறும் காகிதம் அமைதி. ஒருவர் விரலை மேலே நகர்த்த, மற்றவர்கள் வாசிப்பார்கள்.

ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு வாசிக்கும். மூன்றாவது குழு கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். மதிப்பீடு என்று தனியாக எதுவும் வைக்கத் தேவையில்லாமல் போனது இதனால்தான். "மழை" என்று மட்டும் சொன்னால் ஏற்கமாட்டார்கள். வருதா, போகுதா? காத்து இருந்துச்சா? இடி கிட்டயா, தூரமா? கேட்டவருக்குப் புரியவில்லை என்றால் வரைந்தவர் திருத்துவார். பீத்தோவனின் அந்தப் புயல் பகுதியைக் கடைசியில்தான் போட்டோம். தொடக்கத்தில் வரும் தாழ்ந்த உறுமலுக்கு "தூரத்து இடி" என்றார்கள். அடுத்து வயலின்களின் சின்னச் சின்னச் சுரங்களுக்கு "சொட்டு" என்று அந்தப் பையன் கத்தினான். இசையமைத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

எது மாறியது, எது மாறவில்லை

காலை நேரத்துப் பேச்சு நீண்டது. "வெயில்" என்ற ஒற்றைச் சொல் இடத்தில் "காலைல காத்து சிலுசிலுன்னு இருந்துச்சு, இப்ப இலை பேசல" போன்ற வாக்கியங்கள் வந்தன. முன்பு, பின்பு, இன்னும், இப்போது என்ற காலச் சொற்கள் கூடியதுதான் என் பார்வையில் முக்கிய மாற்றம். அதிகம் பேசாத குழந்தைகள் சிலர் முதலில் வாசித்துக் காட்டி, அப்புறம் சொன்னார்கள்.

நாளை மழை வருமா என்று ஊகிப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை. அதற்கு இது வழியுமல்ல. மேகத்தின் நிறம், வடிவம் பற்றிய பேச்சு முன்பைவிடக் குறைந்ததாகவும் ஆசிரியைக்குத் தோன்றியது. காதுக்குக் கொடுத்த நேரம் கண்ணிடமிருந்து போயிருக்கலாம். வானம் பார்க்கும் நேரத்தைத் தனியே சேர்த்திருக்கிறார். மெலிதாகத் தொடங்கி மெலிதாக முடியும் மழைதான் "நல்ல மழை" என்று சில பெற்றோர் இன்னமும் நினைக்கிறார்கள். விழாவுக்கு அதையே கேட்கிறார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

ஒரு நேரத்தில் ஆறேழு பேருக்கு மேல் வாசிக்க வேண்டாம்; மற்றவர்கள் கேட்பவர்களாக இருக்கட்டும். பத்து நிமிடம் தாண்டினால் மழை கலவரமாகிவிடும். தினமும் கருவி வேண்டியதில்லை, தினமும் கேட்பது வேண்டும். விதையோ மணியோ போட்டுக் குலுக்கும் புட்டிகளின் மூடியைப் பசையால் ஒட்டி, மேலே நாடாவும் சுற்றிவிடுங்கள். வாயில் போடும் வயதுத் தம்பி தங்கைகள் வந்து போகும் வகுப்பென்றால் விதையே வேண்டாம், கசக்கிய காகிதமும் சாவிக்கொத்தும் போதும். கவிழ்த்தால் உள்ளே மணிகள் உருண்டு மழைபோல் ஒலிக்கும் மழைக்கோல் கடைகளில் கிடைக்கும், அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரே வகை மழைதான் வரும், கவிழ்த்த பிறகு குழந்தை செய்வதற்கும் ஒன்றுமில்லை. அந்தப் பணத்துக்குப் பழைய தகர மூடிகள் ஒரு மூட்டை வாங்கலாம்.